ஆற்றோரத் தாழ்நிலம் வேண்டாம்: புதிய குடிநீர் நிலைய இடத்தேர்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

மாநகராட்சி நீர்த்துறைப் பொறுப்பாளர்களுக்கும் இடத்தேர்வுக் குழுவினருக்கும்,

வடகரைப் பகுதிக்கான புதிய குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆற்றோரத் தாழ்நிலத்தை முதல் தெரிவாக வைத்திருக்கிறீர்கள். மேட்டிலுள்ள கரும்பு நிலத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டீர்கள். தாழ்நிலம் ஏற்கெனவே மாநகராட்சியின் கையில் இருக்கிறது, நீரெடுக்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது, சமதளம் என்பதால் கட்டுவது எளிது என்று மூன்று காரணம் சொல்கிறீர்கள். முதல் காரணம் உண்மை, ஆனால் போதாது. மற்ற இரண்டும் தவறு. நீர்ப்பணியிலும் கட்டுமானத்திலும் வேலை பார்த்தவர்களும், உங்கள் குழாய்களின் கடைசி முனையில் குடியிருப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் நம் க்வாசூலு-நடால் மாகாணத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. சில அளவீட்டு நிலையங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. 400 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அந்த வெள்ளத்தில் டொங்காட் நகரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் செயலிழந்தது. ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு, 15 பெரிய வெள்ளி. மாரியம்மன் கோயில்களில் ஆண்டிலேயே அதிகக் கூட்டம் சேரும் அந்த வாரத்தில் குழாய்கள் வறண்டன. அதன்பிறகு மாதக்கணக்கில் வறண்டே கிடந்தன. அணையில் நீர் இருந்தது, ஆற்றில் நீர் இருந்தது, தெருக் குழாய்களும் பெரும்பாலும் நிலத்துக்கடியில் அப்படியே இருந்தன. இல்லாமல் போனது நடுவிலிருந்த ஒரே ஒரு நிலையம்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் தேடும் எவரும் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான். தெருவில் குழாய் உடைந்தால் ஒரு நாளில் ஒட்டலாம். பாலத்தோடு ஒரு குழாய் அடித்துச் செல்லப்பட்டால் சில வாரங்களில் மாற்றுக் குழாய் போடலாம். ஆனால் சேறு புகுந்த மின்பலகை, நீரில் மூழ்கிய மோட்டார், வண்டல் அடைத்த வடிகட்டி, அரிக்கப்பட்ட அடித்தளம் எல்லாம் ஒரே இரவில் ஒன்றாகக் கெட்டால் அதைச் சீராக்க மாதங்கள் ஆகும். உயர் அழுத்த மின்பலகைகளும் பெரிய பம்புகளும் கடையில் தயாராகக் கிடைப்பவை அல்ல. ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்க வேண்டியவை.

அந்த மாதங்களில் மக்கள் அனுபவித்தது உங்கள் இடத்தேர்வு மதிப்பெண் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை. டேங்கர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று தெரியாமல் வேலைக்குப் போகாமல் காத்திருப்பது, 20 லிட்டர் கேன்களை முதியவர்கள் மேட்டுத் தெருக்களில் சுமந்து ஏறுவது, வசதியுள்ளவர்கள் ஜோஜோ என்னும் பிளாஸ்டிக் நீர்த்தொட்டி வாங்கிக்கொள்ள வாடகை வீட்டுக்காரர்கள் வாளிகளோடு நிற்பது, கழிப்பறைக்கு நீரில்லாமல் பள்ளிப் பிள்ளைகளைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்புவது. நீர் திரும்பியபின்னும் சிரமம் தீர்ந்துவிடாது. வெறுமையாகக் கிடந்த குழாய்களில் காற்று அடைத்துக்கொள்ளும். மேட்டுப்பகுதிக் காற்று வால்வுகள் பழுதாயிருந்தால் அழுத்தம் ஏறும்போது குழாய்கள் வரிசையாக வெடிக்கும். உள்சுவரில் படிந்த துரு கலங்கி முதல் சில நாட்கள் பழுப்பு நீராக வரும். தாழ்வான தெருக்கள் முதலில் நிரம்பும், மேட்டுத் தெருக்கள் கடைசியில்.

சட்டம் இதை ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு போதிய நீரை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. 2001இல் வெளியான தேசியக் குடிநீர்த் தர விதிகள் தெளிவான அளவுகளையே தருகின்றன: தலைக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் அல்லது வீட்டுக்கு மாதம் 6 கிலோலிட்டர், நிமிடத்துக்குக் குறைந்தது 10 லிட்டர் வரத்து, வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள். எந்த நுகர்வோரும் ஆண்டில் ஏழு முழு நாட்களுக்கு மேல் நீரின்றி இருக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. மாதக்கணக்கில் நின்றுபோகக்கூடிய இடத்தில் ஒரு நிலையத்தைக் கட்டுவது, இந்த விதியை மீறும் நாளை முன்கூட்டியே குறித்து வைப்பதற்குச் சமம்.

“நூறாண்டு வெள்ளக் கோட்டுக்கு மேலேதான் கட்டுகிறோம்” என்ற உங்கள் பதிலுக்கு வருகிறோம். நூறாண்டு வெள்ளம் என்பது நூறாண்டுக்கு ஒருமுறை வருவதல்ல. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம். நிலையத்தின் ஆயுள் 50 ஆண்டு என்று கொண்டால், அதற்குள் ஒருமுறையாவது அந்தக் கோட்டை நீர் தாண்டும் வாய்ப்பு 39 விழுக்காட்டுக்கு மேல். 200 ஆண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்தாலும் 22 விழுக்காடு. 500 ஆண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்தால்தான் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிறது. 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் 144ஆம் பிரிவில் நூறாண்டுக் கோட்டைக் கேட்பது குடியிருப்பு மனைத் திட்டங்களின் வரைபடங்களுக்காக. லட்சக்கணக்கானோருக்கு நீர் தரும் ஒற்றை நிலையத்துக்கு அதே அளவுகோல் போதாது.

கோடு நிலையானதும் அல்ல. பழைய மழைப் பதிவுகளை வைத்து வரைந்த கோட்டுக்குப் பிறகு 2019 ஏப்ரல் வந்தது, 2022 ஏப்ரல் வந்தது, அதே 2022 மே மாதத்தில் இன்னொரு வெள்ளமும் வந்தது. மேற்புறத்தில் கரும்பு நின்ற சரிவுகள் கூரைகளும் தார்ச்சாலைகளும் வாகன நிறுத்தங்களுமாக மாறிக்கொண்டிருக்கின்றன. கரும்பு நிலம் உறிஞ்சிய மழையைத் தார் உறிஞ்சாது. அதே மழைக்கு ஆறு முன்பைவிட வேகமாகவும் உயரமாகவும் எழும். புதிய மழைப் பதிவையும் இன்றைய நிலப் பயன்பாட்டையும் இன்னும் 30 ஆண்டில் வரவிருக்கும் கட்டடங்களையும் சேர்த்துக் கணக்கிடாத கோட்டை நம்பி ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது.

ஆற்றோரத்தை மலிவான நிலம் என்று எண்ணிய விலையை இந்த மாகாணத்துத் தமிழர்கள் பலமுறை கொடுத்திருக்கிறார்கள். 1917 அக்டோபர் 28 அன்று டர்பனின் உம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்துக் காய்கறித் தோட்டக்காரர்களின் குடியிருப்புகளை அடித்துச் சென்றது. மாரிமுத்து பாடவத்தானும் உடன்சென்ற மீனவர்களும் படகோடு இறங்கி 176 பேரை மீட்டது வரலாறு. 1976இல் அதே ஸ்பிரிங்ஃபீல்டின் தகரக் குடியிருப்பை அதே ஆறு மீண்டும் மூழ்கடித்தது. 1987 செப்டம்பர் வெள்ளம் மாகாணம் முழுவதும் பாலங்களைப் பிடுங்கியது. இந்த ஆறுகளுக்குத் தங்கள் தாழ்நிலம் எதுவென்று தெரியும்.

சுற்றுக்கரை கட்டித் தடுக்கலாம் என்பது அடுத்த வாதம். கரை ஆற்று நீரைத் தடுக்கும், உள்ளே பெய்யும் மழையைத் தடுக்காது. 4 ஹெக்டேர் வளாகத்தில் 300 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 கோடியே 20 லட்சம் லிட்டர் உள்ளே சேரும். வெளியே ஆறு உயர்ந்து நிற்பதால் வடிகால் மதகுகளைத் திறக்க முடியாது. பம்ப் வைத்துத்தான் இறைக்க வேண்டும், அந்தப் பம்புக்கு மின்சாரம் வேண்டும், அந்த இரவில் மின்சாரம் இருக்காது. மேலும், ஆற்றுவண்டல் மேல் கட்டிய கரைக்கு அடியில் நீர் ஊறி மணலை இழுத்துச் செல்லும். கரை மேலேயிருந்து உடைவதைவிட அடியிலிருந்து உடைவது ஆபத்தானது. முன்னறிவிப்பே இருக்காது.

சமதளம் கட்டுவதற்கு எளிது என்பதையும் ஏற்க முடியாது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் நீர் தன் பாட்டில் இறங்கிப் போக வேண்டும்: மருந்து கலக்கும் வாய்க்காலில் தொடங்கி, திரள்வுத் தொட்டி, படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, குளோரின் தொடர்புத் தொட்டி, கடைசியில் தெளிநீர்த் தொட்டி. தலைப்பிலிருந்து கடைசி வரை 4 முதல் 6 மீட்டர் நீர்மட்டம் இறங்கும். மெல்லிய சரிவுள்ள மேட்டு நிலத்தில் அந்த இறக்கம் இயல்பாகவே கிடைக்கிறது. சமதளத்தில் தலைப்புத் தொட்டிகளை மேடை கட்டி உயர்த்த வேண்டும், அல்லது தெளிநீர்த் தொட்டியை ஆழத் தோண்டிப் புதைக்க வேண்டும்.

ஆற்றோரத்தில் ஆழத் தோண்டினால் நிலத்தடி நீர் எதிர்ப்படும். அரை மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 டன். வெளியே நிலத்தடி நீர் தளத்துக்கு மேல் 4 மீட்டர் நின்றால் அது மேல்நோக்கித் தள்ளும் விசை சதுர மீட்டருக்கு 4 டன். தொட்டி நிறைந்திருக்கும்வரை கவலையில்லை. கழுவுவதற்காகக் காலி செய்யும் நாளில் தளம் விரிசல் விடும், சில வேளை தொட்டியே கிளம்பும். அழுத்தம் விடும் வால்வுகள், நங்கூரக் கம்பிகள், கூடுதல் கான்கிரீட் என்று அதைச் சமாளிக்க வழிகள் உண்டு. இலவச நிலத்தில் மிச்சம் பிடித்த பணம் அங்கேதான் கரையும். இந்தச் செலவு உங்கள் மதிப்பீட்டில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள்.

நீரெடுக்கும் இடத்துக்குப் பக்கம் என்ற காரணத்தில்தான் பெரிய பிழை இருக்கிறது. மேட்டுக்கு நீரை ஏற்ற மின்கட்டணம் கூடும் என்று வாதிடுகிறீர்கள். ஆனால் எங்கள் குடியிருப்புகள் மேட்டில் இருக்கின்றன, விநியோக நீர்த்தேக்கங்களும் மேட்டில் இருக்கின்றன. தாழ்நிலத்தில் சுத்திகரித்தாலும் அந்த நீரை மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். சுத்திகரிக்கும் முன் ஏற்றுவதா, பின் ஏற்றுவதா என்பதே கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் லிட்டர் நீரை 1 மீட்டர் உயர்த்த 2.725 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 75 விழுக்காடு திறனில் ஓடினால் 3.6 யூனிட். நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர் தரும் நிலையத்தை எடுத்துக்கொள்வோம், உயரம் 80 மீட்டர் என்போம். இரண்டு இடங்களுக்குமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 14,500 யூனிட் ஆகும். மேட்டு நிலையத்தில் கூடுதலாக ஆவது, வடிகட்டி கழுவவும் கசடோடு வெளியேறவும் செலவாகும் நீரையும் சேர்த்து ஏற்றுவதற்கான மின்சாரம் மட்டுமே. அது 4 விழுக்காடு என்று வைத்தால் 600 யூனிட்டுக்குள் அடங்கும். கழுவிய நீரைத் தெளியவைத்துத் தலைப்புக்கே திருப்பினால் இன்னும் குறையும்.

மேட்டு நிலையத்துக்கு உள்ள உண்மையான குறையையும் சொல்கிறோம். கலங்கல் நீரை ஏற்றும் பம்பின் சுழலியை மணல் தேய்க்கும். அதற்கு ஆற்றங்கரையில் மணல் படியவைக்கும் வாய்க்கால் ஒன்று, மாற்றிப் பூட்டத் தயாராகக் கூடுதல் பம்ப் ஒன்று, தேய்மானம் தாங்கும் உலோகத்தில் சுழலி ஆகியவை வேண்டும். இவை பழகிய தீர்வுகள்.

பலன் எங்கே என்றால், மின்சாரம் நின்ற நேரத்தில். மேட்டு நிலையத்தின் தெளிநீர்த் தொட்டியிலிருந்து நீர் புவியீர்ப்பிலேயே வீடுகளுக்கு இறங்கும். 2023இல் சுழற்சி முறை மின்வெட்டு கடுமையான ஆறாம் கட்டம் வரை போனபோது, பம்பை மட்டுமே நம்பிய பகுதிகள் என்ன பாடுபட்டன என்பது உங்கள் பணியாளர்களுக்கே தெரியும்.

ஆகவே நாங்கள் கேட்பது பிரித்துக் கட்டுவதை. ஆற்றங்கரையில் இருந்தே தீர வேண்டியது நீரெடுப்பு அமைப்பு மட்டும். அதைத் தனியாக, சிறியதாக, பலியானாலும் சில வாரங்களில் மாற்றக்கூடியதாகக் கட்டுங்கள். நெடுந்தண்டுப் பம்புகளை வைத்து மோட்டார்களை வெள்ள மட்டத்துக்கு மேல் தளத்தில் நிறுத்துங்கள், மின்பலகை அறை அதற்கும் மேலே இருக்கட்டும். மற்ற எல்லாம் மேட்டில்.

நீரெடுக்கும் புள்ளியும் சரியான இடத்தில் அமைய வேண்டும். கழிவுநீர்ப் பம்ப் நிலையங்கள் நின்றுபோகும்போது கழிவு நேராக ஆற்றில் வழிகிறது. 2022 வெள்ளத்துக்குப் பின் கடற்கரைகளை மூடியதே அதனால்தான். எந்தக் கழிவுநீர் நிலையத்துக்கும், எந்தக் கழிவுநீர்ப் பம்ப் நிலையத்தின் வழிவாய்க்கும் கீழ்ப்புறத்தில் நீரெடுப்பு அமையக் கூடாது. கரும்பு வயல்களின் களைக்கொல்லி முதல் மழையோடு இறங்கும் ஓடைவாய்களையும் தவிர்க்க வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பு அதை முழுதாக நீக்காது, கரித்தூள் கலப்பது போன்ற கூடுதல் முறை வேண்டும். மணல் அள்ளும் இடங்களுக்கு அருகே ஆற்றின் போக்கே மாறும். இந்தப் பகுதி ஆறுகள் எவ்வளவு மண் சுமக்கின்றன என்பதற்கு, வண்டலால் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்த ஹேசல்மியர் அணையே சான்று.

அந்த மண் நிலையத்துக்குள்ளும் வரும். எஸ்ஏஎன்எஸ் 241 என்னும் தேசியக் குடிநீர்த் தரப்படி சுத்திகரித்த நீரின் கலங்கல் அளவு செயல்பாட்டு நிலையில் 1 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது. மீதியெல்லாம் கசடாக நிலையத்திலேயே தங்கும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் மண் வந்தால் 5 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு 5 டன் உலர் மண். 2 விழுக்காடு அடர்த்தியில் அது 250 கிலோலிட்டர் சேற்று நீர். பெருமழை நாட்களில் பல மடங்காகும். உலர்த்தும் படுகைகளுக்கு இடம் ஒதுக்காமல் தொட்டிகளுக்கு மட்டும் நிலம் அளந்த நிலையங்கள் கடைசியில் கசடை ஆற்றிலேயே விடுகின்றன. படுகைகள் தாழ்நிலத்தில் இருந்தால், சேர்த்து வைத்ததை முதல் வெள்ளமே வாரிச் செல்லும்.

குளோரின் குறித்து மேட்டு இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். குளோரின் வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. கசிந்தால் சரிவில் இறங்கிக் கீழுள்ள வீடுகளைச் சேரும். லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் கலந்தால் நாளொன்றுக்கு 100 முதல் 150 கிலோ செலவாகும், ஆகவே ஒரு டன் உருளைகள் வளாகத்தில் எப்போதும் இருக்கும். கீழே பள்ளியோ குடியிருப்போ இருந்தால் வாயுவை விட்டுவிட்டு உப்பிலிருந்து அங்கேயே தயாரிக்கும் ஹைப்போகுளோரைட் என்னும் கிருமிநாசினிக் கரைசலுக்குப் போங்கள். வாயுதான் என்றால் கசிவு உணரிகளும் காற்று இழுக்கும் வாய்களும் தரைமட்டத்தில் இருக்கட்டும். கூரையடியில் வைத்தால் பயனில்லை.

மண் சோதனையை இரண்டு இடத்திலும் ஒரே ஆழத்தில் செய்யுங்கள். ஆற்றுவண்டல் சீராக அமிழாது. இணைக்கப்பட்ட தொட்டிகளில் ஒன்று அமிழ்ந்தால் நடுவிலுள்ள குழாய் முறியும். மேட்டில் பெரேயா செம்மணல் என்றால் நீர் பட்டால் அரிக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் களிப்பாறை என்றால் சரிவு வழுக்கும். மணற்பாறை கிடைக்கும் துண்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து ஊகிக்காமல் துளையிட்டுப் பாருங்கள்.

பாதையும் மின்தடமும் இரண்டிரண்டு வேண்டும். ஒரே பாலத்தை நம்பிய நிலையத்துக்கு அந்தப் பாலம் போனால் சுண்ணாம்பும் டீசலும் வராது. 2024 ஜூன் 3 அன்று டொங்காட்டைத் தாக்கிய சுழற்காற்று காட்டியது போல, மேட்டில் மின்கம்பங்களும் விழும். இரண்டு வெவ்வேறு துணைமின் நிலையங்களிலிருந்து இரண்டு வெவ்வேறு தடங்களில் மின்சாரம் வர வேண்டும்.

மேட்டு நிலம் கரும்பு நிலம் என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1860 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் கல்லறைகளும் சிறு கோயில்களும் கரும்புக்குள் பதிவில்லாமல் கிடக்கின்றன. 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, முறையான இடுகாட்டுக்கு வெளியே 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளைக் காக்கிறது. புல்டோசர் இறங்கும் முன்பே அக்கம்பக்கத்து மூத்தவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இது மேட்டு நிலத்தைக் கைவிடுவதற்கான காரணமல்ல, வளாகத்தின் எல்லையைக் கவனமாக வரைவதற்கான காரணம்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

தாழ்நிலத்துக்குத் தந்த முன்னுரிமையை நிறுத்தி வையுங்கள். 2022 மழையையும் இன்றைய நிலப் பயன்பாட்டையும் சேர்த்து 100, 200, 500 ஆண்டு வெள்ளக் கோடுகளைப் புதிதாக வரைந்து வெளியிடுங்கள். சுத்திகரிப்புத் தொட்டிகளும் மின்பலகைகளும் 500 ஆண்டுக் கோட்டுக்கு மேல் அமையாத எந்த இடத்தையும் மதிப்பெண் போடும் முன்பே நீக்குங்கள். நிலவிலையில் வாங்கிய நல்ல மதிப்பெண்ணைக் கொண்டு வெள்ள அபாயத்தை ஈடுகட்டும் முறையே கூடாது.

இரண்டு இடங்களுக்கும் 50 ஆண்டு முழுச் செலவை ஒரே தாளில் ஒப்பிட்டுக் காட்டுங்கள்: நிலம், அடித்தளம், சுற்றுக்கரை, மின்சாரம், கசடு அகற்றல், அதோடு நிலையம் ஆறு மாதம் நின்றால் டேங்கருக்கு ஆகும் தொகை. ஒவ்வொரு அளவுகோலுக்கும் எத்தனை விழுக்காடு எடை தந்தீர்கள், அதை யார் முடிவு செய்தார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் 30 நாள் கருத்துக் கேட்பை ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் நடத்துங்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவர்களுக்காகச் சுருக்கத்தைத் தமிழிலும் தாருங்கள். கூட்டங்களை வேலை நாள் பகலில் வைக்காமல், நீர் வராத தெருக்களுக்கு அருகேயுள்ள மண்டபங்களில் மாலையில் வையுங்கள்.

புதிய நிலையம் எழும்வரை, இப்போதுள்ள தாழ்நில நிலையங்களின் மின்பலகைகளையும் மோட்டார்களையும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் உயர்த்துங்கள். மாற்று மோட்டாரும் பலகையும் மேட்டிலுள்ள கிடங்கில் தயாராக இருக்கட்டும்.

இடத்தேர்வு அறிக்கை, மதிப்பெண் அட்டவணை, மண் சோதனைப் பதிவுகள், வெள்ளக் கோட்டுக் கணக்குகள் ஆகிய நான்கையும் எங்களுக்குத் தாருங்கள். தகவல் அணுகல் சட்டப்படியான விண்ணப்பத்தை இந்த மடலோடு சேர்த்துத் தருகிறோம். அந்தச் சட்டம் உங்களுக்குத் தரும் 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வடகரைக் குடியிருப்பாளர்களும் நீர்ப்பணித் தொழிலாளர்களும்